ஆக்கியோன் பெயர்: பாலியற் சிறுபான்மையினரின் உளநெருக்கீடு பற்றிய ஆய்வு வரலாறு

ஒரு நூலைப் பயிலப் புகுமுன் அதனை ஆக்கியோன் யாவன் என வினாவுதல் நமது மரபு. பாயிரம் கூறவேண்டிய எட்டுச் செய்திகளை வகுத்த நன்னூலார், ஆக்கியோன் பெயரையே அவற்றுள் முதலாவதாக வைத்தார். பெயர் கிடையாதவிடத்தும் நம் முன்னோர் அவ்விடத்தை வெறுமையாக விட்டாரல்லர். தொகைநூற் பாடல்கள் சிலவற்றின் சொற்றொடர்களையே புலவர்க்குப் பெயராக்கிச் செம்புலப் பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் வழங்கினர். காலம் மறைத்த பெயருக்கு ஈடுசெய்ய முயன்ற செயல் அது. ஆனால், ஆக்கியோன் உயிரோடிருக்கும்போதே தன் பெயரைத் தன் நூலினின்றும் நீக்கிக்கொள்ள நேர்ந்த துறைகளும் அறிவு வரலாற்றில் உள. தன்பாலீர்ப்புடையோர் முதலாய பாலியற் சிறுபான்மையினரின் உளநிலை பற்றிய ஆய்வு அத்தகைய துறைகளுள் ஒன்றாகும்.

இத்துறை ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுக்கால வரலாறுடையது. அதனை நோக்குவோர்க்கு ஒரு முரண்பாடு புலனாகும். அனுபவத்தால் அறிந்தோர் நெடுங்காலம் தம் எழுத்திற் கையொப்பமிட முடியாதிருந்தனர். கையொப்பமிடும் அதிகாரம் பெற்றிருந்தோர் பலர், தாம் எழுதிய மக்களை மருத்துவமனையிலும் சிறையிலும் அன்றி வேறெங்கும் கண்டிலர். பெயரை மறைத்து வாழச்செய்த அதே அச்சம் அம்மக்களின் உளநெருக்கீட்டுக்கு ஒரு காரணமாயிற்று. அந்நெருக்கீட்டைச் சரிவர அளக்க முடியாதபடி ஆய்வையும் அது திரித்தது. ஆகவே, ஆசிரியர் யார் என்னும் வினா இங்கு நூலின் முகப்பேட்டோடு நின்றுவிடுவதில்லை. ஆய்வு எதனைக் கண்டது, எதனைக் காணத் தவறியது என்பதையும் அதுவே பெருமளவு தீர்மானித்தது. இதனை வரலாற்று நிரலில் எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

புனைபெயரிற் பிறந்த வாதம்

ஜேர்மனியின் ஹனோவர் இராச்சியத்தில் 1825ஆம் ஆண்டு பிறந்த கார்ல் ஹைன்ரிக் உல்ரிக்ஸ் என்பார் ஒரு சட்ட அறிஞர். ஆண்மீது ஆண் கொள்ளும் காதல் சிலர்க்கு இயற்கையாய் அமைவதென்றும், இயற்கையாய் அமைந்ததைத் தண்டித்தல் நீதிக்கு ஒவ்வாதென்றும் வாதிடும் சிறு நூல்களை 1864 முதல் அவர் வெளியிடலானார். 1879 வரையில் பன்னிரண்டு நூல்கள் வெளிவந்தன. தொடக்கத்தில் வந்தவற்றில் ஆசிரியர் பெயர் ‘நூமா நுமான்ரியஸ்’ என்றே அச்சாகியிருந்தது. சட்ட வாதத்தோடு, அச்சத்தாலும் மிரட்டிப் பணம் பறிப்போராலும் சிதைந்துபோன வாழ்வுகளைப் பற்றியும் அவர் எழுதினார். இன்று உளநெருக்கீடு என நாம் குறிப்பிடும் பொருள், அப்பெயர் பெறுவதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே, ஒரு புனைபெயரின் கீழ் இவ்வாறு அச்சேறியது.

1867 ஆகஸ்ட் 29ஆம் நாள் மியூனிக் நகரிற் கூடிய ஜேர்மானியச் சட்ட அறிஞர் மாநாட்டில் உல்ரிக்ஸ் மேடையேறித் தமது கோரிக்கையைத் தம் சொந்தக் குரலிலேயே முன்வைக்க முற்பட்டார். அவையிற் கூச்சல் எழுந்தது. எஞ்சியதை இலத்தீன் மொழியிற் கூறுமாறு தலைமை தாங்கியவர் பணித்தார். உல்ரிக்ஸ் தம் உரையை முடிக்காமலே இறங்கினார். எனினும் அடுத்த ஆண்டில், 1868இல், வெளிவந்த நூலில் அவரது இயற்பெயர் காணப்பட்டது. மேடையிற் பேச மறுக்கப்பட்டவர் ஏட்டிற் கையொப்பமிட்டார் என்பது இத்துறையின் வரலாற்றில் முதலாவது திருப்பமாகும்.

அதே காலத்தில் ஹங்கேரிய எழுத்தாளரான கார்ல் மரியா கேர்ட்பெனி, உல்ரிக்சுக்கு 1868இல் எழுதிய கடிதமொன்றில் ‘ஹோமோசெக்ஷுவல்’ என்னும் சொல்லை ஆக்கிக்கொண்டார். 1869இல் பிரசியாவின் தண்டனைச் சட்டத்தை எதிர்த்து அவர் வெளியிட்ட பிரசுரங்கள் வாயிலாக அச்சொல் அச்சேறியது. அப்பிரசுரங்களில் ஆசிரியர் பெயரே இல்லை. பின்னர் மருத்துவமும் சட்டமும் உளவியலும் ஒருங்கே எடுத்தாண்ட கலைச்சொல், ஆக்கியோன் பெயரின்றியே உலகுக்கு அறிமுகமாயிற்று. அப்பிரசுரங்கள் எதிர்த்த சட்டமோ ஒழியவில்லை. 1871இல் ஒன்றுபட்ட ஜேர்மனியின் தண்டனைக் கோவையில் 175ஆம் பிரிவாக அது இடம்பெற்றது. 1994இலேயே முற்றாக நீக்கப்பட்டது.

நோயாளர் சரிதையும் நீக்கப்பட்ட பெயரும்

ஒஸ்திரிய உளமருத்துவரான கிராப்ட்-எபிங் 1886இல் ‘சைக்கோபதியா செக்ஷுவாலிஸ்’ என்னும் நூலை வெளியிட்டார். தனியாட்களின் சரிதைகளை வரிசையாகக் கூறி அவற்றிலிருந்து நோய்வகைகளை நிறுவுதல் அந்நூலின் முறை. வெளிப்படையாகக் கூறத்தகாதவை எனக் கருதப்பட்ட பகுதிகள் இலத்தீனில் எழுதப்பட்டன. நூல் பல பதிப்புகளைக் கண்டது. பதிப்புத்தோறும் சரிதைகள் பெருகின. நூலைப் படித்தோர் பலர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதி அவருக்கு அனுப்பினர். அவை நூலிற் சேர்க்கப்பட்டன. ஆனால், எழுதினோர் ஆசிரியராகக் கொள்ளப்படவில்லை. அவர்களது எழுத்து சான்றாயிற்று; அதற்குப் பொருளுரைக்கும் உரிமை மருத்துவருக்கே உரியதாயிற்று.

பெயரின்மை தன்னளவில் இழிவன்று. அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாதென்பது தொல்காப்பியம் கூறும் மரபு. அங்குப் பெயரின்மையானது உணர்ச்சியை மாந்தர் அனைவர்க்கும் பொதுவாக்குகின்றது. மருத்துவரின் சரிதையிற் காணும் பெயரின்மையோ ஒருவரை அப்பொதுமையினின்றும் பிரித்து நோய்வகை ஒன்றுக்கு எடுத்துக்காட்டாக்குகின்றது. இவ்வேறுபாடு ஈண்டு நோக்கற்பாலது. கிராப்ட்-எபிங் தமது இறுதிக்காலத்தில், 1901ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில், தன்பாலீர்ப்பை நோயெனக் கொண்ட தம் கருத்தைப் பெரிதும் தளர்த்திக்கொண்டார் என்பதும் குறிப்பிடத்தக்கது. தமக்குக் கடிதமெழுதிய பெயரற்றோரிடமிருந்து அவர் கற்றிருந்தார் எனக் கருத இடமுண்டு.

இங்கிலாந்தில் நிகழ்ந்தது இன்னும் துயரமானது. கிரேக்கப் பண்பாட்டிலும் இத்தாலிய மறுமலர்ச்சிக்கால வரலாற்றிலும் புலமைமிக்க ஜோன் அடிங்டன் சைமண்ட்ஸ், தன்பாற் காதல் பற்றித் தாம் எழுதிய இரு கட்டுரைகளுள் முதலாவதை 1883இல் பத்துப் பிரதிகளும், மற்றையதை 1891இல் ஐம்பது பிரதிகளுமே அச்சிட்டு நண்பரிடையே வழங்கினார். பின்னர் மருத்துவக் கல்வி பெற்ற ஹவ்லொக் எல்லிசுடன் கடிதவழியே சேர்ந்து ஒரு நூலை ஆக்க முற்பட்டார். அந்நூலில் இடம்பெற்ற பெயரற்ற சரிதைகளுள் ஒன்று சைமண்ட்சினுடையதே. நூல் முற்றுப்பெறுமுன் 1893இல் அவர் உரோமாபுரியிற் காலமானார்.

நூல் 1896இல் ஜேர்மன் மொழியில் இருவர் பெயரையும் தாங்கி வந்தது. 1897இல் ஆங்கிலப் பதிப்பும் அவ்வாறே வந்தபோது, சைமண்ட்சின் இலக்கியச் சொத்துக்களுக்குப் பொறுப்பாயிருந்த ஹொரேஷியோ பிரவுண் பிரதிகளை வாங்கி அழிப்பித்தார். அதே ஆண்டு மீண்டும் அச்சான நூலில் சைமண்ட்சின் பெயர் இல்லை. மறு ஆண்டு அந்நூலை விற்றமைக்காக ஜோர்ஜ் பெட்பரோ என்பவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. சைமண்ட்ஸ் எழுதிய தன்வரலாறோ, பிரவுண் இறந்த 1926இல், அரை நூற்றாண்டுக்கு வெளியிடலாகாது என்ற நிபந்தனையோடு இலண்டன் நூலகத்தை அடைந்தது. 1984இலேயே அதன் பெரும்பகுதி நூல்வடிவம் பெற்றது. தன் வாழ்வு முழுவதும் ஒன்றை மறைக்க நேர்ந்தவனின் உள்ளம் படும் பாட்டை உள்ளிருந்தே விவரிக்கும் ஒரு சான்று, ஆய்வுலகம் அதனை மிகவும் வேண்டிநின்ற தொண்ணூறு ஆண்டுகளும் அச்சேறாதிருந்தது.

வினாக்கொத்தும் நீதிமன்றமும்

பேர்லினில் மருத்துவராயிருந்த மக்னஸ் ஹிர்ஷ்பெல்ட் 1896இல் இத்துறையிற் புகுந்தார். அவரிடம் சிகிச்சை பெற்ற இளம் இராணுவ அதிகாரி ஒருவர் தமது திருமணத்துக்கு முதல்நாள் தற்கொலை செய்துகொண்டமையே அதற்குத் தூண்டுகோலாயிற்று. ஹிர்ஷ்பெல்ட் எழுதிய முதல் நூலும் புனைபெயரிலேயே வந்தது. ‘ராமீன்’ என்பது அப்பெயர். எனினும் 1897 மே மாதத்தில் விஞ்ஞான மனிதாபிமானக் குழு என்னும் அமைப்பை அவர் நண்பர் சிலரோடு நிறுவியபோது தம் பெயரிலேயே செயற்பட்டார். 175ஆம் பிரிவை நீக்கக்கோரும் விண்ணப்பத்துக்கு அறிஞர்களின் கையொப்பங்களைத் திரட்டுதல் அக்குழுவின் முதற்பணி. விஞ்ஞானத்தின் வழியே நீதியை அடைதல் என்பது அதன் தாரக மந்திரம்.

தனியாட் சரிதைகளின் குறைபாட்டை உணர்ந்த ஹிர்ஷ்பெல்ட் எண்ணளவை ஆய்வை நாடினார். 1903இன் இறுதியில் ஷார்லொட்டன்பேர்க் தொழில்நுட்ப உயர்கல்லூரி மாணவர் ஏறத்தாழ மூவாயிரவருக்கு அவர் வினாக்கொத்து ஒன்றை அனுப்பினார். விடையளிப்போர் பெயர் எழுதவேண்டியதில்லை. அடுத்த ஆண்டு ஐயாயிரத்துக்கு மேற்பட்ட உலோகத் தொழிலாளரிடமும் இவ்வாறே வினவப்பட்டது. தம்பால்மீதே ஈர்ப்புடையோர் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவர் என்ற அளவில் முடிவுகள் அமைந்தன. பெயர் மறைத்தல் இங்கு ஓர் ஆய்வு முறையாகப் பயன்பட்டது. அது பேசுவோரைக் காத்தது. பேசாதிருந்தோரைப் பேசவும் வைத்தது. ஆனால், வினாக்கொத்தைப் பெற்ற மாணவர் சிலர் தாம் அவமதிக்கப்பட்டதாக முறையிட்டனர். 1904இல் நீதிமன்றம் ஹிர்ஷ்பெல்டுக்கு 200 மார்க் அபராதம் விதித்தது.

1914இல் வெளியிட்ட பெருநூலில் ஹிர்ஷ்பெல்ட் தற்கொலைக்கு விரிவான இடமளித்தார். சட்டத்தின் அச்சம், மிரட்டிப் பணம் பறித்தல், குடும்பத்தார் கைவிடுதல் ஆகியவற்றிடையே அவர் காரணங்களைத் தேடினார். துன்பத்தின் காரணத்தை ஈர்ப்பினுள்ளே தேடாது சுற்றுச்சூழலிலே தேடிய இந்நோக்கு மிக முக்கியமானது. 1919இல் அவர் பேர்லினில் நிறுவிய பாலியல் விஞ்ஞான நிறுவனம் நூலகத்தையும் ஆவணக் காப்பகத்தையும் வளர்த்தெடுத்தது. 1933 மே 6ஆம் நாள் நாஜி மாணவர் அணியினர் அந்நிறுவனத்தைச் சூறையாடினர். நான்கு நாட்களின்பின் அதன் நூல்கள் பேர்லின் நகரின் பகிரங்கச் சதுக்கத்தில் எரியூட்டப்பட்டன. வெளிநாட்டிலிருந்த ஹிர்ஷ்பெல்ட் தாயகம் திரும்பாமலே 1935இல் நீஸ் நகரிற் காலமானார். 1904இல் முறையிட்டோரும் மாணவர். 1933இற் சூறையாடியோரும் மாணவர். பல்கலைக்கழகச் சூழல் தானாகவே அறிவின் பக்கம் நிற்கும் என்று நாம் கருதிவிடுதல் தகாது.

கோரியும் ஹூக்கரும்

இரண்டாம் உலகப் போரின்பின் ஆய்வின் மையம் அமெரிக்காவுக்கு மாறியது. அக்காலச் சூழல் ஆய்வுக்கு இசைவானதன்று. அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 1952இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டில் தன்பாலீர்ப்பு உளக்கோளாறாகச் சேர்க்கப்பட்டிருந்தது. 1953 ஏப்ரலில் ஜனாதிபதி ஐசன்ஹோவர் பிறப்பித்த ஆணையின்படி அத்தகையோர் மத்திய அரசின் பணிகளினின்றும் நீக்கப்படலாயினர்.

1951இல் டொனல்ட் வெப்ஸ்டர் கோரி என்னும் பெயரில் அமெரிக்காவின் தன்பாலீர்ப்பினர் பற்றிய நூலொன்று வெளிவந்தது. இனத்தாலும் சமயத்தாலும் சிறுபான்மையினராயுள்ளோரைப் போலவே இவர்களும் ஒரு சிறுபான்மையினர் என்று அது வாதிட்டது. தம்மை வெளிப்படுத்தினால் தண்டனை, வெளிப்படுத்தாவிடின் மாற்றத்துக்கு வழியில்லை என்னும் இக்கட்டை அது தெளிவாக விளக்கியது. நூலாசிரியரும் அவ்விக்கட்டிலேயே இருந்தார். கோரி என்பது எட்வேர்ட் சகாரின் என்பவரின் புனைபெயர்.

அதே காலத்தில் கலிபோர்ணியாவில் உளவியல் கற்பித்த எவெலின் ஹூக்கர் வேறொரு வழியில் அணுகினார். தம்மைப் போன்றோரை ஆராயவேண்டும் என்று அவரிடம் கற்ற மாணவர் ஒருவர் வற்புறுத்தியமையே அவரது ஆய்வின் தோற்றுவாய். 1953இல் தேசிய உளநல நிறுவனத்தின் நிதியுதவி கிடைத்தது. மருத்துவமனையையோ சிறையையோ நாடாது, தன்பாலீர்ப்பினரின் அமைப்புகள் வழியாக 30 ஆண்களை அவர் திரட்டினார். வயது, கல்வி, நுண்மதி ஆகியவற்றில் அவர்களுக்கு இணையான எதிர்ப்பாலீர்ப்புடைய 30 ஆண்களையும் தேர்ந்தார். அனைவர்க்கும் உரோர்ஷாக் மைத்தடச் சோதனை முதலிய மூன்று சோதனைகள் நடத்தப்பட்டன. அயலார் கண்ணுக்கு அஞ்சியவர்க்காகத் தமது வீட்டுத் தோட்டத்திலிருந்த தனியறையையே அவர் ஆய்வுக்கூடமாக்கினார்.

பின்னர் விடைகள் அனைத்தும் பெயரும் அடையாளமும் நீக்கப்பட்டு, அச்சோதனைகளில் வல்லுநராய் விளங்கிய மூவரிடம் கொடுக்கப்பட்டன. யார் எப்பிரிவினர் என அவர்களாற் பிரித்தறிய முடியவில்லை. இரு பிரிவிலும் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சராசரி அல்லது அதனினும் மேலான உள இசைவுடையோராக மதிப்பிடப்பட்டனர். 1957இல் இவ்வாய்வு ஹூக்கரின் பெயரிலேயே வெளியாயிற்று. தன்பாலீர்ப்பு என்பதொன்றே உளப்பிணிக்கு அடையாளமாகாது என்பதற்கு முறைப்படி பெறப்பட்ட சான்றாக அது அமைந்தது. மாதிரி சிறியது, பெண்கள் அதில் இடம்பெறவில்லை. ஆயினும், மருத்துவமனைக்கு வந்தோரை மாத்திரம் கண்டு ஒரு மக்கட்பிரிவு முழுவதையும் பிணியாளராக்கிய தவறு அதனால் வெளிப்பட்டது.

முகமூடியணிந்த மருத்துவர்

ஹூக்கரின் ஆய்வு வெளிவந்த பின்னரும் நோய் வகைப்பாடு பதினாறு ஆண்டுகள் மாறாதிருந்தது. 1972 மே மாதம் டல்லஸ் நகரில் நடந்த அமெரிக்க உளமருத்துவர் சங்க மாநாட்டில், முகமூடியும் பொய்முடியும் அளவுக்கு மிஞ்சிய பெரிய அங்கியும் அணிந்த ஒருவர், குரலை மாற்றும் ஒலிவாங்கியினூடாகப் பேசினார். நிகழ்ச்சிநிரலில் அவர் பெயர் ‘டொக்டர் எச். அனொனிமஸ்’. தாம் ஓர் உளமருத்துவர் எனவும், தன்பாலீர்ப்பினர் எனவும், தம்மைப் போன்றோர் பலர் அச்சங்கத்தில் இருப்பதாகவும், தொழிலை இழக்க நேருமென்ற அச்சத்தில் அவர்கள் வாழ்வதாகவும் அவர் கூறினார். அதே அமர்வில் பாபரா கிட்டிங்ஸ் என்னும் செயற்பாட்டாளர், தோன்ற அஞ்சிய ஏனைய உளமருத்துவர்களின் கடிதங்களை வாசித்தார்.

பிணியாளர் எனப்பட்டோரே பிணியறிவோராகவும் இருந்தமை அன்று வெளிப்பட்டது. 1973 டிசம்பர் 15ஆம் நாள் சங்கத்தின் நிருவாகசபை தன்பாலீர்ப்பை உளக்கோளாறுகளின் பட்டியலினின்றும் நீக்கத் தீர்மானித்தது. எதிர்த்தோர் கோரிய வாக்கெடுப்பு 1974இல் நிகழ்ந்தபோது வாக்களித்தோரில் 58 வீதத்தினர் அத்தீர்மானத்தை ஆதரித்தனர். முகமூடியணிந்தவர் ஜோன் பிரையர் என்னும் மருத்துவர் என்பதை அவரே 1994இல் பகிரங்கப்படுத்தினார். அவர் தம் சொந்தப் பெயரில் அவ்வுரைக்கு உரிமைகோர இருபத்திரண்டு ஆண்டுகள் சென்றன. உலக சுகாதார நிறுவனமும் 1990 மே 17ஆம் நாள் தன் வகைப்பாட்டினின்றும் தன்பாலீர்ப்பை நீக்கியது.

நெருக்கீடு என்னும் கோட்பாடு

பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதோடு ஒரு புதிய இடர்ப்பாடு தோன்றியது. தன்பாலீர்ப்பினரிடையே மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் மிகுதி என ஆய்வாளர் கூறின், பழைய நோய்க்கொள்கை மீண்டும் தலைதூக்குமோ என்ற தயக்கம் எழுந்தது. கூறாது விடின், உண்மையில் துன்புறுவோர் உதவியின்றி விடப்படுவர். இவ்விக்கட்டினின்றும் வெளியேற வழிவகுத்ததே சிறுபான்மையினர் நெருக்கீடு என்னும் கோட்பாடு.

பாரபட்சத்துக்கு உள்ளாவோரிடத்து அது விளைவிக்கும் உளவிளைவுகளை கோர்டன் ஓல்போர்ட் 1954இலேயே ஆராய்ந்திருந்தார். 1981இல் வேர்ஜீனியா புரூக்ஸ் தன்பாலீர்ப்புடைய பெண்களைப் பற்றி எழுதிய நூல் சிறுபான்மையினர் நெருக்கீடு என்ற தொடரைத் தன் தலைப்பிலேயே கொண்டிருந்தது. ஆண்களையே மையமாகக் கொண்டு வளர்ந்த ஓர் ஆய்வுத்துறையில் இக்கோட்பாட்டின் தொடக்கம் பெண்கள் பற்றிய ஆய்விலிருந்து வந்தமை நினைவிற் கொள்ளத்தக்கது. பின்னர் இலான் மையர் 1995இல் நியூயோர்க் நகரின் 741 ஆண்களை ஆராய்ந்தும், 2003இல் அதுகாறும் வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியும் இக்கோட்பாட்டை விரிவாக வகுத்தார்.

அவர் கூறிய நெருக்கீடுகள் புறத்திலிருந்து அகம் நோக்கிச் செல்வன. வன்முறை, வேலை மறுப்பு, அவமதிப்பு முதலிய நிகழ்வுகள் ஒருபுறம். அத்தகையவை நேருமென எந்நேரமும் எதிர்பார்த்திருத்தல், தன்னை மறைத்துக்கொள்ளுதல், சமூகத்தின் வெறுப்பைத் தன்மீதே தான் கொள்ளுதல் ஆகியன மறுபுறம். நிகழ்வு ஒருநாள் நேர்வது. எதிர்பார்ப்பு ஒவ்வொரு நாளும் நேர்வது. இன்னும், ஒத்தவரின் துணையும் சமூக ஆதரவும் இந்நெருக்கீட்டைத் தணிக்கின்றன என்பதும் கோட்பாட்டின் ஒரு பகுதியாகும்.

மறைத்தலின் விளைவு உள்ளத்தோடு நிற்பதில்லை என்பதற்கும் சான்றுண்டு. ஸ்டீவ் கோலும் அவர்தம் குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வு, எச்.ஐ.வி. தொற்றில்லாத 222 ஆண்களை ஐந்தாண்டுகள் தொடர்ந்து நோக்கியது. தம் ஈர்ப்பை மறைத்து வாழ்ந்தோரிடையே புற்றுநோயும் சில தொற்றுநோய்களும் மிகுதியாகக் காணப்பட்டன. சட்டத்தின் பங்கை மார்க் ஹட்சென்பூலரும் அவர்தம் குழுவினரும் 2010இல் எடுத்துக்காட்டினர். ஐக்கிய அமெரிக்காவிற் சில மாநிலங்கள் ஒருபாலினத் திருமணத்தைத் தடைசெய்யும் அரசியலமைப்புத் திருத்தங்களை 2004, 2005ஆம் ஆண்டளவில் நிறைவேற்றின. அதற்கு முன்னும் பின்னும் ஒரே ஆட்களிடம் பெறப்பட்ட தரவுகளை ஒப்பிட்டபோது, அம்மாநிலங்களில் வாழ்ந்த பாலியற் சிறுபான்மையினரிடையே மனநிலைக் கோளாறுகள் 36.6 வீதத்தால் அதிகரித்திருந்தன. தடை நிறைவேறாத மாநிலங்களில் அத்தகைய அதிகரிப்புக் காணப்படவில்லை. ஈர்ப்பு மாறவில்லை, சட்டம் மாறியது, உளநலம் அதனோடு மாறியது. உல்ரிக்ஸ் புனைபெயரில் எழுதிய கருத்து, எண்ணளவைச் சான்றோடு ஆய்வாளர் பலரின் சொந்தப் பெயர்களில் இப்போது நிலைபெற்றது.

சகாரின் தரும் எச்சரிக்கை

இதனைக்கொண்டு, அக்குழுவினரே அக்குழுவைப் பற்றி எழுதவேண்டும் என்னும் எளிய முடிபுக்கு வருதல் பொருந்துமா? பொருந்தாது என்பதற்குச் சகாரினின் பிற்கால வாழ்வே சான்று. புனைபெயரில் விடுதலை வாதம் புரிந்த அவர், 1966இற் கலாநிதிப் பட்டம் பெற்றுச் சமூகவியலாளரானார். தன்பாலீர்ப்பினரின் அமைப்புகளைப் பிறழ்வாளர் சங்கங்கள் என விமரிசித்துத் தம் இயற்பெயரில் எழுதினார். 1974இல் மொன்றியல் நகரில் நடந்த சமூகவியலாளர் மாநாட்டில் லோட் ஹம்ப்ரீஸ் என்னும் ஆய்வாளர் அவரை ‘கோரி அவர்களே’ என அழைத்து அவரது இரட்டைப் பெயரைப் பகிரங்கப்படுத்தினார். உள்ளிருந்து எழுதியவரே உள்ளிருப்போர்க்கு எதிராக எழுதினார். வெளியே நின்ற ஹூக்கரோ அவர்களுக்கு நீதி செய்தார். ஆகவே பிறப்போ ஈர்ப்போ உண்மைக்கு உத்தரவாதமாகாது, முறையியலே உத்தரவாதம். எனினும், ஒருவன் தன் ஒரு பாதியைப் புனைபெயரிலும் மறுபாதியை இயற்பெயரிலும் வைத்து ஒன்றையொன்று மறுத்தெழுதும் நிலைக்குத் தள்ளிய சமூகத்தை விடுத்து, சகாரினை மாத்திரம் குற்றஞ்சாட்டுதல் வரலாற்று நோக்காகாது. ஒருவர் மறைத்து வைத்ததை அவரது அனுமதியின்றி அவையிற் போட்டுடைத்த செயலும் ஆராய்ச்சி அறத்தோடு இயைந்ததெனக் கொள்வதற்கில்லை.

இருவகை மறைப்பு

இவ்வரலாற்றினின்றும் பெறப்படுவது யாது? பெயர் மறைப்பு இருவகைப்படும். ஹிர்ஷ்பெல்டின் வினாக்கொத்திலும் ஹூக்கரின் தோட்டத்து அறையிலும் காணப்படுவது காப்பாக அமையும் மறைப்பு. தகவலளிப்போரின் அடையாளத்தைக் காத்தல் ஆய்வாளரின் கடமை. நம்பகமான தரவுக்கும் அதுவே வழி. சைமண்ட்சின் முகப்பேட்டிலும் பிரையரின் முகமூடியிலும் காணப்படுவது திணிக்கப்பட்ட மறைப்பு. அறிந்ததைக் கூறுவோர் தம் பெயரை மறைக்க நேர்தல் அவர்தம் குறையன்று; அவர் வாழும் சமூகத்தின் குறை. முதலாவது வகை ஆய்வை வளர்ப்பது. இரண்டாவது வகை ஆய்வைக் குருடாக்குவதோடு, ஆராயப்படும் நெருக்கீட்டுக்கே காரணமாகவும் அமைவது.

இவ்வேறுபாடு நம் நாட்டு ஆய்வாளர்க்கும் நேரடியாக உரியது. பிரித்தானிய ஆட்சியில் ஆக்கப்பட்ட 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 365, 365அ ஆகிய பிரிவுகளால் இத்தகைய உறவுகளைக் குற்றமாக்கியது. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் ஆண்களுக்கு மாத்திரம் உரியதாயிருந்த 365அ பிரிவைப் பெண்களுக்கும் விரித்தது. இவ்வுறவுகளைக் குற்றமற்றனவாக்க முன்வைக்கப்பட்ட சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. சட்டக்கோவை ஆக்கப்பட்டு அப்போது 140 ஆண்டுகள் கழிந்திருந்தன. சட்டம் நெருக்கீட்டின் ஓர் ஊற்று என ஆய்வுகள் காட்டுமிடத்து, உளவியலும் சமூகவியலும் சட்டமும் பயிலும் நம் மாணவர் இதனைத் தமக்குப் புறம்பான பொருளெனத் தள்ளிவிட இயலாது.

இப்பொருளை ஆய்வுக்கெடுக்கும் மாணவர் ஒருவர் நம் விரிவுரை மண்டபங்களில் எழுவாராயின், அவரிடம் நாம் கேட்கவேண்டியவை மூன்று: மாதிரியை எங்கிருந்து பெற்றீர், தகவலளித்தோரை எவ்வாறு காத்தீர், முடிவைச் சான்று தாங்குகின்றதா? எந்த ஆய்வாளரிடமும் கேட்கப்படும் வினாக்கள் இவை. இவற்றுக்கு அப்பால், நீர் ஏன் இதனை எழுதுகின்றீர் என்ற ஐயப்பார்வை அவர்மீது விழுமாயின், அவரும் ஒரு நூமா நுமான்ரியசைத் தேடிச்செல்வார். அல்லது எழுதாதே விடுவார். எழுதப்படாத ஆய்வின் இழப்பைக் கணக்கிட எவ்வினாக்கொத்தும் உதவாது. தம் ஆய்வேட்டின் முதற்பக்கத்திலே தம் பெயரை அச்சமின்றிப் பொறிக்கும் நிலையை அவருக்கு உறுதிசெய்தல் நம் பல்கலைக்கழகங்களின் பொறுப்பாகும்.